வடக்கு காலரிக்கு அடியில்

பதினெட்டு சீசன்.
ஒரு கோலையும் நான் கண்ணால் பார்த்ததில்லை.
வடக்கு காலரிக்கு அடியில், தூண் ஓரமாகக் கடை:
டீ, சிப்ஸ், வெங்காயம் வதக்கிப் போட்ட பர்கர்.
ஆட்டம் என் தலைக்கு மேல் நடக்கிறது,
மாடி வீட்டுச் சண்டை மாதிரி.

சத்தம் போதும் எனக்கு.
நாற்காலிகள் படபடவென்று ஒன்றாக மடிந்தால்
நம் ஆட்கள் முன்னேறுகிறார்கள்.
பாதிக் கத்தல் தொண்டையிலேயே செத்தால்
லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கிவிட்டான்.
கோல் என்றால்
கூரையிலிருந்து தூசி
வினிகர் பாட்டில்கள் மேல் உதிரும்.
கீரன் துணியோடு வருவான்.
கடைசி விசில் வரை துடைக்காதே என்பேன்.

வந்துபோகிற ஊர்களை வரிசையில் வைத்தே எனக்குத் தெரியும்.
அர்செனல்காரர்கள் வரிசையில் நிற்பதே ஓர் அழகு.
பாஸ் கொடுப்பது போலக் காசு கொடுப்பார்கள்,
இவர் அவரிடம், அவர் இன்னொருவரிடம்,
கல்லாவுக்கு மட்டும் வந்து சேராது.
டாட்டன்ஹாம், பாலை அடுப்பில் வைத்துக்
கண்கொட்டாமல் பார்த்திருக்கும் கூட்டம்.
ஒரே ஒரு தும்மல். அடுப்பெல்லாம் பால்.
சிட்டி, எல்லாம் சரியாகச் செய்யும் மருமகள்;
குறை சொல்ல ஒன்றும் கிடைக்காது,
அதுதான் குறை.
மான்செஸ்டர் யுனைடெட் ஆள் பர்கரைக் கையில் வாங்கியதும்
"அந்தக் காலத்தில்..." என்று ஆரம்பிப்பான்.
ஆறிப்போகுது, சாப்பிடுப்பா.
செல்சிக்காரர்களுக்கு வருஷா வருஷம் புது முகங்கள்,
முதுகுப் பெயரைப் படித்துத்தான் அவர்களே கத்துகிறார்கள்.
எவர்ட்டன்காரர்கள் துக்கம் கேட்க வந்தவர்கள் போல
தணிந்த குரலில் நன்றி சொல்வார்கள்.
டிசம்பர் பனியில் சட்டையில்லாமல் நின்று
"கோக்குக்கு ஐஸ் இல்லையா?" என்றான் ஒரு நியூகாசில் பையன்.
அவனுக்கு மட்டும் நான் காசு வாங்கவில்லை.
லிவர்பூலைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.
என் முதல் புருஷன் லிவர்பூல்.

எங்கள் அணியின் பெயரைச் சொல்லமாட்டேன், கண் பட்டுவிடும்.
பதினாறாம் இடத்தில் கிடந்தாலும் கண் படும்.

எங்கள் லெஃப்ட் பேக், மூன்றாம் எண், டன்ஸ்டர்.
மூன்று வருஷமாக அவன் பெயர்
முனகலாகத்தான் கீழே இறங்கி வந்திருக்கிறது.
நானும் சேர்ந்து திட்டியிருக்கிறேன்:
அவன் ஒரு வாரச் சம்பளத்துக்கு
நான் பத்து வருஷம் உருளைக்கிழங்கு வறுக்க வேண்டும்,
கிராஸ் அடித்தால் மட்டும் கார் பார்க்கிங்கில் விழும்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை
இடைவேளை முடிந்ததும் எண்ணெய்ச் சட்டியில் புகை.
கடையை மூடச் சொன்னார்கள்.
"மேலே போய்த்தான் பாரேன், லொரெய்ன்" என்றான் கீரன்.
ஏப்ரனோடு இருபத்தேழு படி ஏறினேன்.

அவ்வளவு பச்சை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.
அவ்வளவு சின்னப் பையன்கள் என்றும்.
எல்லோரும் பந்தைப் பார்த்தார்கள்.
எனக்குப் பந்தைப் பின்தொடரத் தெரியவில்லை,
அதனால் மூன்றாம் எண்ணைப் பார்த்தேன்.

ஓடினான். கையைத் தூக்கினான்.
பந்து வலப்பக்கம் போய்விட்டது.
அதே வேகத்தில் திரும்பி ஓடினான்.
மறுபடி ஓடினான், கையைத் தூக்கினான்.
என் வரிசையின் கடைசியில்
இடைவேளை முடியப் போகிற பதற்றத்தில்
கையை உயர்த்தியபடி ஒருவர் நிற்பாரே,
நான் பார்த்தும் பார்க்காதது போல்
அடுத்தவருக்குக் கெச்சப் பிழிவேனே,
அந்தக் கை.

பத்தொன்பது தடவை எண்ணினேன்.
இரண்டு தடவை பந்து வந்தது.
ஒன்றை நேராகக் கார் பார்க்கிங்குக்கு அனுப்பினான்.
பக்கத்து மஞ்சள் தொப்பிக்காரர் அவன் தாயை இழுத்தார்.
நான் திருப்பிச் சொன்னது
இங்கே எழுதத் தக்கதல்ல.

ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது.
இரண்டு கோலும் நான் படியேறுவதற்கு முன்பே.

சட்டியை மாற்றிவிட்டார்கள்.
மேலே முனகல் எழும்போது கீரன் என் முகத்தைப் பார்க்கிறான்.
கிராஸ் படுமோசம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.
இருந்தாலும், மேலே ஒரு சத்தமும் இல்லாமல்
எண்ணெய் கொதிப்பது மட்டும் கேட்கிற நிமிஷங்களில்
இடது ஓரத்துக்குக் காது கொடுக்கிறேன்.

வெங்காயம் வேண்டுமா வேண்டாமா, சட்டென்று சொல்லுங்கள்.
நாற்காலிகள் மடிகின்றன.